பெரியம்மாவிடம் யாரும் சொல்லவில்லை

2025 மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டு மொட்டைமாடியில் ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள். இரண்டு பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவர்கள். ஒருத்தி அந்த வாரம்தான் பிளஸ் டூ தேர்வை முடித்திருந்தாள். மாதம் ஒரு முறை கூடி எதையாவது படித்துப் பேசுவது எங்கள் வழக்கம். அன்றைக்குப் படிக்க எடுத்து வைத்திருந்தது வேறு. ஆனால் தையல் வேலைக்குப் போகிற பெண் கையிலிருந்த போனை நீட்டி ஒரு செய்தியைக் காட்டினாள். பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுவதற்குத் தமிழக அரசு பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது.

"பதினாலு வயசுக்காம்கா. எனக்கு இருபது. அப்போ எனக்கு வராதா, இல்ல வந்தா பரவாயில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கேள்விகள் வந்தன. அது எதனால் வருகிறது? வைரஸ் என்றால் சளி மாதிரி ஒட்டிக்கொள்ளுமா? கல்யாணத்துக்கு முன்னால் இந்த ஊசி போட்டுக்கொண்டால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? ஆந்திராவில் இந்த ஊசி போட்டுச் சில பெண்கள் செத்துப் போனார்களாமே? கடைசியில், அதுவரை வாயே திறக்காத ஒருத்தி கேட்டாள்: "எங்கம்மாவுக்கு வந்துச்சுன்னா, அது எங்கப்பாவாலன்னு அர்த்தமா?"

இளம்பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று இந்த நோயைப் பற்றிய கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எச்பிவி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கல்லூரி கல்லூரியாகப் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். எத்தனை விழுக்காட்டினருக்குத் தெரியவில்லை என்று கணக்குப் போட்டு வெளியிடுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு எப்போதும் உறுத்தும். விழித்திருப்பது, விழிக்காமல் இருப்பது என்று பேசும்போது, தூங்கியது அந்தப் பெண்ணின் குற்றம் என்றாகிவிடுகிறது. சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்களா என்ற கேள்வி படிவத்தில் இருப்பதில்லை.

என் பெரியம்மாவுக்கு வந்தது இந்த நோய்தான். அவர் இறந்து பல வருடங்கள் கழித்து, பழைய காகிதக் கட்டைப் பிரித்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. தீட்டு நின்ற பிறகும் இரத்தம் பட்டது, வெள்ளைப்படுதல் நாற்றமெடுத்தது, "சூடு" என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். ஆஸ்பத்திரியில் "கர்ப்பப்பையில கட்டி" என்று மட்டும் அவரிடம் சொன்னார்கள். நோயின் பெயரைப் பெரியப்பாவிடம் சொன்னார்கள். பெரியப்பா எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நோயாளியைத் தவிர மற்றவர்கள் பேசிக்கொண்ட நோய் அது. மாடியில் வந்த கேள்விகளுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த மாதம் சொல்கிறேன் என்றேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு மாதத்தில் படித்ததிலிருந்து வந்தது.

முதலில் அந்த அப்பா கேள்வி. அது இந்த நோயின் வரலாற்றிலேயே மிகப் பழைய கேள்வி.

1842இல் இத்தாலியில் டொமெனிகோ ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் வெரோனா நகரத்தின் இறப்புப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் வந்திருந்தது. கன்னியாஸ்திரீகளுக்கு மிக அரிதாக இருந்தது. நல்ல கவனிப்புதான். ஆனால் அதிலிருந்து அடுத்த நூறு, நூற்றிருபது ஆண்டுகளில் வந்து சேர்ந்த முடிவைப் பாருங்கள். எந்தப் பெண்ணுக்கு இது வருகிறது, அவள் எத்தனை ஆண்களோடு இருந்தாள், எந்த வயதில் தொடங்கினாள், சுத்தமாக இருந்தாளா என்று ஆராய்ச்சி முழுக்கப் பெண்ணைச் சுற்றியே ஓடியது. ஆணின் பக்கம் திரும்பிப் பார்க்க வெகுகாலம் ஆயிற்று. ஒரே ஒரு துணையோடு வாழ்ந்த பெண்களுக்கு ஏன் வருகிறது என்று கேட்ட பிறகுதான் கணவனின் பழக்கவழக்கங்களைப் பற்றிய கேள்வி ஆய்வுத் தாளுக்குள் வந்தது.

வைரஸைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன். 1983இலும் 1984இலும் அவருடைய குழு எச்பிவி 16, 18 என்ற இரண்டு வகைகளைப் புற்றுத் திசுவிலிருந்து பிரித்துக் காட்டியது. உலகத்தில் வரும் கருப்பை வாய்ப் புற்றுகளில் ஏறத்தாழ பத்தில் ஏழுக்கு இந்த இரண்டும்தான் காரணம். 2008இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இந்த வைரஸ் தோலோடு தோல் உரசுவதில் பரவுகிறது. உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, ஆணோ பெண்ணோ, எப்போதாவது ஒரு முறை தொற்றிவிடும். பெரும்பாலும் ஓரிரு வருடங்களில் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்டாமல் தங்கிவிடுகிற சிலருக்கு மட்டும் பத்து, பதினைந்து, இருபது வருடங்கள் கழித்துப் புற்றாக மாறலாம். ஆணிடம் பெரும்பாலும் எந்த அடையாளமும் இல்லாமல் இருந்துவிட்டுப் போகும்.

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில்? உங்கள் அம்மாவுக்கு வந்தால் அது அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம். அப்பாவுக்கு அது கல்யாணத்துக்கு முன்பே, அவருக்கே தெரியாமல், இருபது வருடத்துக்கு முன்பு வந்திருக்கலாம். யாரையும் கூண்டில் ஏற்ற அது சாட்சி ஆகாது. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஒழுக்கமாக இருந்தால் வராது என்று அம்மாவிடம் யாராவது சொன்னால் அது பொய்.

நம் ஊர் வரலாற்றுக்கு வருகிறேன்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை யார் தொடங்கினார்கள் என்று கேட்டால் மாணவிகள் டாக்டர் சாந்தா என்பார்கள். அவருக்கு முன்னால் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அந்தத் துக்கத்தை முப்பது வருடம் சுமந்து ஒரு மருத்துவமனையாக்கினார். இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் பெண்கள் காசு திரட்டினார்கள். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. மகன் கிருஷ்ணமூர்த்தியும் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த சாந்தாவும் அதை நடத்தினார்கள். அங்கே வந்த பெண்களில் பெரும் பகுதியினருக்கு இருந்தது கருப்பை வாய்ப் புற்று.

பெண்கள் காசு திரட்டிக் கட்டிய புற்றுநோய் மருத்துவமனை என்ற இந்தச் செய்தி பள்ளிப் பாடங்களில் ஒரு வரியாகக்கூட அழுத்திச் சொல்லப்படுவதில்லை என்பது என் வருத்தம். அது கிடக்கட்டும். முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையில் நான் தொட்டுக்காட்ட விரும்புவது வேறொரு இடத்தை. சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு 1927இல் போன அவர், தேவதாசி முறை ஒழிப்போடு சிறுமிகளின் திருமண வயதை உயர்த்தவும் குரல் கொடுத்தார். 1929இல் சாரதா சட்டம் வந்தது; பெண்ணுக்குப் பதினான்கு வயது என்றது. 1978இல் அது பதினெட்டு ஆயிற்று. அந்தச் சட்டத்துக்கும் அடையாறு மருத்துவமனைக்கும் இடையில் ஒரு நூல் இருந்தது. அது அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது.

1981 கடைசியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியபோது, சென்னைக்கான பதிவேடு அடையாறில் அமைந்தது. சென்னைப் பெண்களில் யாருக்கு என்ன புற்று என்று அன்றிலிருந்து வருடாவருடம் கணக்கு இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில், வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால், லட்சம் பெண்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஆண்டுதோறும் கருப்பை வாய்ப் புற்று புதிதாக வந்துகொண்டிருந்தது. உலக அளவிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. இருபத்தைந்து ஆண்டுகளில் அது ஏறத்தாழ பாதியானது. சென்னையில் முதலிடத்தை மார்பகப் புற்று பிடித்துக்கொண்டது.

அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் தடுப்பூசி கிடையாது. எல்லாப் பெண்களையும் அழைத்துப் பரிசோதிக்கிற திட்டமும் கிடையாது. பின் எப்படிக் குறைந்தது? பெண்கள் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆறு, ஏழு பிரசவம் இரண்டாயிற்று. பள்ளிக்கூடம் போனார்கள். வீட்டுக்குள் தண்ணீரும் குளியலறையும் வந்தன. சின்ன வயதில் தொடங்கும் உடலுறவும் அடுக்கடுக்கான பிரசவங்களும் கருப்பை வாயை இந்த வைரஸுக்கு எளிதில் பலியாக்குகின்றன. பதினைந்து வயதில் கட்டிக்கொடுக்காமல் பன்னிரண்டாம் வகுப்புக்கு அனுப்பிய ஒவ்வொரு அம்மாவும் தன்னை அறியாமல் இந்த நோயைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். மருத்துவத் துறை இந்த வெற்றியைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது என்பதால்தானோ என்னவோ, இதைப் பற்றி மேடைகளில் அதிகம் பேச்சு இல்லை.

பேசாமல் விட்டவை இன்னும் இருக்கின்றன. இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது.

1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு இரத்தப்போக்கோடு போனார். கருப்பை வாய்ப் புற்று. சிகிச்சையின்போது எடுத்த திசு, அவரைக் கேட்காமலே ஆய்வகத்துக்குப் போயிற்று. அந்த உயிரணுக்கள் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. அவர் அந்த அக்டோபரில், முப்பத்தியொரு வயதில் இறந்தார். போலியோ தடுப்பூசியிலிருந்து இன்றுவரை அவருடைய உயிரணுக்கள் பயன்படாத ஆய்வுக்கூடம் இல்லை என்கிற அளவுக்கு ஆயிற்று. குடும்பத்துக்குத் தெரிந்தது இருபது வருடத்துக்கு மேல் கழித்துத்தான். எச்பிவி 18 அந்த உயிரணுக்களுக்குள்ளும் இருந்ததைச் சுர் ஹவுசனின் குழு காட்டியது. அந்தப் பெண்ணைக் கொன்றது எது என்று அவர் இறந்து முப்பது வருடத்துக்குப் பிறகு, அவர் உடம்பிலிருந்தே படித்துக்கொண்டார்கள்.

அது அமெரிக்கா, அங்கே நிறவெறி என்று நாம் தள்ளிவிடலாம். டெல்லியில் நடந்தது என்ன? 1976 முதல் 1988 வரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஓர் ஆய்வு நடந்தது. கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் தென்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை, சிகிச்சை தராமல், காலாகாலத்துக்குக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாற்றம் எத்தனை பேருக்குப் புற்றாகிறது என்று அறிவதுதான் நோக்கம். சிலருக்குப் புற்று வந்தது. சிலருக்கு அது பரவும் நிலைக்கே போயிற்று. அந்தப் பெண்களிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கவில்லை. 1997இல் இந்தச் செய்தி வெளியே வந்தபோது, வாய்மொழியாகச் சொன்னோம், அந்தக் காலத்தில் எழுத்து ஒப்புதலுக்கு விதி இல்லை என்று பதில் வந்தது. விதி இல்லாததால் சொல்லவில்லை. அந்தப் பெண்களில் பலர் தாங்கள் சிகிச்சையில் இருப்பதாகவே நினைத்திருக்கக்கூடும்.

ஏறத்தாழ இதே போன்ற ஒன்று நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1960களில் தொடங்கி நடந்தது. அதை 1987இல் வெளிக்கொண்டு வந்தவர்கள் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரண்டு பெண்ணியவாதிகள். அரசு நீதி விசாரணை வைத்தது. நோயாளிகளின் உரிமை அங்கே சட்டமாயிற்று. டெல்லிப் பெண்களுக்கு அப்படியொரு விசாரணை நடக்கவில்லை.

தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு இதிலிருந்து வேறு மாதிரியானது. அதனால்தான் அதைப் பற்றி யோசிப்பது கடினம். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கை என்ற ஊர் இருக்கிறது. அங்கேயுள்ள கிறித்துவ சமூக நல மருத்துவமனை, உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்போடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரைத் தடவினார்கள். ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தார்கள். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். ஆய்வகம் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே உறையவைக்கும் சிகிச்சை. 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது: அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றால் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது.

முப்பத்தியோராயிரம் கிராமத்துப் பெண்கள் சேலையைத் தளர்த்தி அந்தப் பெஞ்சில் படுத்திருக்கிறார்கள். வெட்கம், பயம், மாமியார் என்ன சொல்வாளோ என்ற கவலை எல்லாவற்றோடும் வந்திருக்கிறார்கள். நம் பெண்கள் வரமாட்டார்கள் என்று சொல்கிறவர்களிடம் இந்த எண்ணைத்தான் நான் காட்டுவேன். அழைத்தவர்கள் பெண்கள். பக்கத்திலேயே வந்து, நின்று, விளக்கிச் சொன்னார்கள். பத்துக்கு ஆறு பேர் வந்தார்கள்.

ஆனால் ஒப்பிடுவதற்கு இன்னொரு பக்கம் வேண்டுமே. மற்ற ஊர்களில் 30,958 பெண்களுக்கு அந்தப் பரிசோதனை தரப்படவில்லை. இதே முறையில் மும்பையிலும் மராட்டியத்தின் உஸ்மானாபாத்திலும் ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் சேர்த்து, பரிசோதனை பெறாத குழுக்களில் 254 பெண்கள் இந்தப் புற்றால் இறந்ததாக 2014இல் அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா ஓர் இந்திய மருத்துவ அறவியல் இதழில் எழுதிக் கண்டித்தார். இந்தியாவில் அப்போது யாருக்குமே பரிசோதனை கிடையாது, எனவே யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். இரண்டையும் படித்தேன். இந்த ஆய்வு இல்லாமல் இருந்திருந்தால் வினிகர் பரிசோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகப் படுகிறது: யாருக்கும் கிடையாது என்பது இயற்கை விதி இல்லை. பாப் ஸ்மியர் என்ற பரிசோதனை 1940களிலிருந்து இருக்கிறது. அதை உருவாக்கிய ஜார்ஜ் பாப்பநிகோலாவின் மனைவி ஆந்த்ரோமக்கி தன் உடம்பிலிருந்தே வருடக்கணக்கில் அவருக்கு மாதிரி கொடுத்தார். பணக்கார நாடுகளில் அது இந்தச் சாவுகளைப் பெருமளவு குறைத்துவிட்டது. இங்கே அதைக் கொண்டுவராமல் விட்டது ஒரு முடிவு. அந்த முடிவைத்தான் பிறகு இங்குள்ள தரம் என்று அழைத்தார்கள்.

இனி ஆந்திரா கேள்வி. அந்தப் பெண் கேட்டது வெறும் வதந்தி இல்லை.

2009 ஜூலையில், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்கு எச்பிவி ஊசி போடத் தொடங்கினார்கள். குஜராத்தின் வடோதராவிலும் அடுத்த மாதமே. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசுகள் சேர்ந்து நடத்தியது. ஆந்திரத்தில் மெர்க் கம்பெனியின் ஊசி, குஜராத்தில் கிளாக்ஸோவின் ஊசி. கம்மத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் பத்ராசலம் பக்கத்துப் பழங்குடிச் சிறுமிகள். விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். இரண்டு மாநிலங்களிலுமாக ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பெண்கள் உடல்நல அமைப்புகள், குறிப்பாக டெல்லியின் சமா, அங்கே நேரில் போய்ப் பார்த்து எழுதின. 2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது.

விசாரணைக் குழு, அந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது. பூச்சிமருந்து, பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, மலேரியா என்று காரணங்கள் சொல்லப்பட்டன. இதை நான் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் பாதி மட்டும் சொன்னால் அதே தவறை நாமும் செய்கிறோம். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்கள் போட்டுக்கொண்ட ஊசி இது. இது கொல்கிறது என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அந்தக் குழு பார்த்த ஒப்புதல் படிவங்களை நினைத்துப் பாருங்கள். ஆந்திரத்தில் 9,543 படிவங்கள். அவற்றில் 1,948இல் கைநாட்டு. 2,763இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்களும் தலைமையாசிரியர்களும். பெற்றோருக்குத் தெரியாது. சிறுமிகளுக்கும் எதற்கு என்று சரியாகத் தெரியாது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை வைத்தது.

வார்டன் கையெழுத்துப் போட்டது ஏதோ படிவப் பிழை என்று பல டாக்டர்கள் இன்றும் அலுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு பிழைக்காகப் பத்து வருடம் தடுப்பூசி தள்ளிப்போயிற்று, எத்தனை உயிர் போயிற்று என்கிறார்கள். உயிர் போனது உண்மைதான். இந்தியாவில் வருடத்துக்கு 1,20,000 பெண்களுக்கு மேல் இந்தப் புற்று வருகிறது. 80,000 பேர் வரை இறக்கிறார்கள். ஆனால் அந்தப் பழியைக் கேள்வி கேட்ட பெண்கள் தலையில் கட்டுவதை நான் ஒப்ப மாட்டேன். பழங்குடிச் சிறுமியின் அம்மாவை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் போதுமே. பேசுவதை நேர விரயம் என்று நினைத்த இடத்தில்தான் பத்து வருடம் போயிற்று.

அதே நிறுத்தத்திலிருந்து இன்னொன்று பிறந்தது. 2009இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இந்தியாவில் பல இடங்களில் தனியே ஓர் ஆய்வு தொடங்கியிருந்தது. அம்பிளிக்கையும் அதில் ஒன்று. இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்பது கேள்வி. 2010 தடை அதையும் நிறுத்திவிட்டது. 17,700க்கும் மேற்பட்ட பெண்கள் ஊசி போட்டிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் ஒரே ஒரு டோஸோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் வருடாவருடம் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: 16, 18 வகைகளிலிருந்து ஒரு டோஸ் கொடுக்கும் பாதுகாப்பு இரண்டு, மூன்று டோஸுக்கு ஏறத்தாழ சமம். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் முறையை ஏற்றபோது இந்தத் தரவும் அதற்குத் துணை நின்றது. ஏழை நாடுகளில் இந்த ஊசி எட்டும் விலைக்கு வந்ததற்கு, பாதியில் நின்றுபோன அந்தப் பெண்களும் ஒரு காரணம். இப்போது அவர்களுக்கு இருபத்தைந்து, முப்பது வயது இருக்கும்.

மே மாதம் மாடியில் கூடியபோது இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஊசி பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். உள்நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக் 2023இல் வந்தது, தனியாரிடம் ஒரு டோஸ் 2,000 ரூபாய் என்றேன். பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று டோஸ் என்று மருந்துப் பெட்டியில் போட்டிருக்கும். ஒன்றோ இரண்டோ போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் இருபது வயது வரைக்கும் சொல்கிறது. எதுவானாலும் டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள் என்றேன். தைக்கிற பெண் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "மூணு போட்டா ஆறாயிரம். என் சம்பளத்துல பாதிக்கா." பட்ஜெட்டில் பதினான்கு வயதுக்கு ஒதுக்கியது நல்லது. அந்த வயதைக் கடந்து, ஆனால் இன்னும் பலன் தரும் வயதில் இருக்கிற இவளுக்கு அதில் இடமில்லை. இந்தக் குறையை எழுத்தாகவே சுகாதாரத் துறைக்கு அனுப்பலாம் என்று கல்லூரிப் பெண்களில் ஒருத்தி சொன்னாள். அனுப்பினோம்.

கல்யாணத்துக்கு முன்னால் போட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கேள்விக்கு அவர்களே பதில் கண்டுபிடித்தார்கள். அம்மை ஊசி போட்டபோது யாருக்காவது அம்மை வந்திருந்ததா? வருவதற்கு முன்னால் போடுவதுதானே ஊசி. வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருந்தால் அதை இந்த ஊசி போக்காது. ஊசி போட்டாலும் முப்பது வயதுக்குப் பிறகு பரிசோதனை வேண்டும்.

பரிசோதனை என்றதும் பேச்சு அம்மாக்களுக்குத் திரும்பியது. தமிழ்நாட்டில் 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கி, 2012இல் மாநிலம் முழுக்க முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இலவசமாக இந்தப் பரிசோதனை வந்தது. அப்படியும் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தப் பரிசோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் 9.8 விழுக்காடு. இந்தியாவிலேயே அதிகம் இதுதான். நாட்டின் சராசரி 1.9. அம்பிளிக்கையில் பத்துக்கு ஆறு பேர் வந்தார்கள் என்றதும் மாடியில் யாரும் நம்பவில்லை. தாளைக் காட்டினேன்.

அப்பாவைப் பற்றிக் கேட்டவள் அதிகம் பேசவில்லை. போகும்போது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமையில் பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து அம்மாவோடு கடைத்தெருவில் எதிர்ப்பட்டாள். அம்மாவுக்கு நாற்பத்துமூன்று வயது; வீட்டு வேலைக்குப் போகிறவர். பரிசோதனை முடித்துவிட்டு வந்திருந்தார். ஒன்றும் இல்லை, மூன்று வருடம் கழித்து வரச் சொல்லி அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"வினிகராமே, அது ஊறுகாய்க்கு ஊத்துறதுதானே? இதுக்கா இவ்ளோ நாளா பயந்தோம்" என்றார். பிறகு மகளைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, என் பக்கம் சாய்ந்து, தன் அக்காவுக்கு ஐம்பத்தியொன்று ஆகிறது, தீட்டு நின்று இரண்டு வருடம், இப்போது மறுபடி படுகிறது, அதுவும் பார்ப்பார்களா என்று கேட்டார். நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். நானும் கூடப் போனேன்.